மாடி ஏறாத வைஃபை

ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பல வீடுகள் அகலத்தைச் சுருக்கி நீளத்தை நீட்டிக் கட்டியவை. தெருவைப் பார்த்த முகப்பு 12 அடி இருந்தால், உள்ளே 50, 60 அடிக்கு அறைக்குப் பின் அறையாகப் போகும். இடம் போதாமல் போனபோது வீடு மேலே வளர்ந்தது. கீழே பெற்றோர், முதல் மாடியில் பிள்ளை குடும்பம், அதற்கும் மேலே வாடகைக்கு விட்ட ஒரு போர்ஷன். தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலும் இதே அமைப்புதான். ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் நெட்காரர் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, முன் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார். பெரும்பாலும் அது முன் ஹாலில் டிவிக்கு மேலே இருக்கும். இல்லையென்றால் இரும்பு பீரோவின் மேலே.

“யக்கா, நெட்டு சுத்திக்கினே கீது. ரவுட்டர ஒரு வாட்டி ஆஃப் பண்ணிப் போடுக்கா” என்று மேல் போர்ஷனிலிருந்து மாடிப்படி வழியே குரல் வரும்.

“இப்பதாம்பா போட்டேன். கீழ நல்லாதான ஓடுது” என்று பதில் போகும்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஃபைபர் வழியாக வரும் இணைப்பில் குறை ஏதும் இல்லை. ரவுட்டரிலிருந்து மேல் மாடிக்குப் போகிற அந்த 30 அடியில்தான் எல்லாம் கெடுகிறது. இதைச் சரிசெய்ய ரிச்சி தெருவில் இன்னொரு ரவுட்டர் வாங்கி வருகிறார்கள். அல்லது பழைய இணைப்பு போனபோது பரணில் போட்டு வைத்ததை எடுக்கிறார்கள். ஒரு லேன் ஒயரால் இரண்டையும் சேர்க்கிறார்கள். அப்போதுதான் புதிய தொல்லை ஆரம்பிக்கிறது. வைஃபை சின்னம் முழுதாகத் தெரியும். ஆனால் ‘இணைப்பு உண்டு, இன்டர்நெட் இல்லை’ என்று போன் சொல்லும். ஒருவருக்கு வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வராது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புதுப் பெட்டியும் பரணுக்கே போய்விடும்.

இது நடக்கத் தேவையில்லாத தோல்வி. அந்தப் பெட்டி மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். முதல் வேலை, வெளியுலக இன்டர்நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வாசலாக நிற்பது, வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது. ரவுட்டர் என்ற பெயர் இந்த வேலைக்குத்தான் பொருந்தும். இரண்டாவது, பின்பக்கம் உள்ள நான்கு லேன் போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் வேலை. மூன்றாவது, ஆண்டெனா வழியாகப் பேசும் ரேடியோ. மேல் மாடியில் குறைவது இந்த மூன்றாவது மட்டுமே. ஆனால் நாம் வாங்கி வைக்கும் பெட்டி மூன்று வேலைகளையும் செய்யத் தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கு ரவுட்டர் ஒன்று போதும். இரண்டாவது பெட்டியை ரவுட்டராக இருக்க விடவே கூடாது; அது ரேடியோவாகவும் ஸ்விட்சாகவும் மட்டும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவிக்கு அக்சஸ் பாயின்ட் என்று பெயர். எத்தனை மாடி இருந்தாலும் அத்தனை அக்சஸ் பாயின்ட் வைக்கலாம்.

முதலில் சுவர்களைப் பார்ப்போம். வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. ரேடியோ பொறியாளர்கள் இழப்பை டெசிபலில் அளக்கிறார்கள். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்கு. ரவுட்டர் 100 மில்லிவாட் சக்தியை வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸில், நடுவில் எதுவுமே இல்லாத 10 மீட்டர் தூரத்தைக் கடப்பதற்குள் 60 டெசிபல் போய்விடும். பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் போனின் ஆண்டெனாவை வந்தடைகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் இன்னும் 20 டெசிபல் அளவுக்குப் போகும். ஒரு செங்கல் சுவர் 10 டெசிபல் வரை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 90. புறப்பட்டதில் 100 கோடியில் ஒரு பங்குதான் சேர்கிறது. இவ்வளவு சிறிய சக்தியிலிருந்தும் போன் செய்தியைப் பிரித்தெடுக்கிறது என்பதே பெரிய சாதனை. ஆனால் அந்த நிலையில் வேகம் குறையும், பிழைகள் கூடும், ஒரே தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிவரும். இன்னும் ஒரு சுவர் வந்தால் முடிந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு தடையிலும் இழப்பு இதைவிட அதிகம்.

இந்தப் பகுதியின் பழைய வீடுகளுக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. ராயபுரத்தில் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் சிலவற்றில் மேல்தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் போட்டது. தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிடித்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து இறுக்கிய தளம் அது. அதில் கம்பி வலை கிடையாது. அதனால் அதே தடிமனுள்ள கான்கிரீட் தளத்தைவிட அதன் வழியாக ரேடியோ அலை சுலபமாக மேலேறும். ஆனால் அந்த வீடுகளின் சுவர் ஒன்றரை அடி கனம். பக்கவாட்டில் போகும் அலை அங்கே மாட்டிக்கொள்ளும். புதிதாக இடித்துக் கட்டிய வீடுகளில் நிலைமை தலைகீழ்: சுவர் மெல்லியது, தளம் கம்பி கட்டியது. ஆகவே பழைய வீட்டில் ரவுட்டரிலிருந்து நேர் மேலே உள்ள அறையில் சிக்னல் நன்றாக இருந்து, அதே தளத்தின் பின் அறையில் இல்லாமல் போகலாம். இரண்டாவது ரேடியோவை எங்கே வைப்பது என்பதை வீடு கட்டிய விதம்தான் சொல்ல வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பார்ப்பதற்கு ஈடான வழி வேறில்லை.

பீரோ விஷயத்துக்கு வருகிறேன். இரும்புத் தகடு ரேடியோ அலையை ஊடுருவ விடாது, திருப்பி அனுப்பிவிடும். 6 அடி உயரம், 3 அடி அகலமுள்ள பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை மாட்டினால் வீட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிழலில் கிடக்கும். பீரோவில் பதித்த கண்ணாடியின் வெள்ளிப் பூச்சும் அப்படித்தான். தகரக் கூரையும் அதேபோல் தடுக்கும்; ஆஸ்பெஸ்டாஸ் கூரை அவ்வளவாகத் தடுக்காது. மொட்டை மாடியில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் தொட்டி அலையை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டி காலியாக இருக்கும்போது சிக்னல் கூடுவதைப் பார்க்கலாம். பலரும் சொல்கிற இன்னொரு காரணம் கடற்காற்று. காற்றிலுள்ள ஈரம் வீட்டுக்குள் வைஃபையைக் குறைப்பதாக நினைக்கிறார்கள். நீராவி ரேடியோ அலையைக் குறிப்பாக உறிஞ்சுவது 22 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். 2.4-லும் 5-லும், அதுவும் 30 அடி தூரத்துக்குள், ஈரக் காற்றின் பாதிப்பு அளவில் காட்ட முடியாத அளவுக்குச் சிறியது. கடற்காற்று கெடுப்பது வேறொன்றை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய ஆண்டெனா உள்ள, அதிகச் சக்தியுள்ள ரவுட்டர் வாங்கினால் தீராதா? தீராது. பேச்சு இரு வழி. ரவுட்டர் அனுப்புவது போனுக்கு எட்டினால் மட்டும் போதாது, போன் அனுப்பும் பதில் ரவுட்டருக்கு எட்ட வேண்டும். போனின் பேட்டரி சிறியது, அதன் ரேடியோ ரவுட்டரைவிடச் சக்தி குறைந்தது. சின்னத்தில் கட்டை முழுதாகத் தெரிந்தும் ஒன்றும் ஓடாத நிலை இப்படித்தான் வருகிறது. போனுக்கு அருகில் ஒரு ரேடியோவைக் கொண்டுபோய் வைப்பதுதான் சரியான தீர்வு.

அதைக் கொண்டுபோய் வைக்க இரண்டு வழிகள்: காற்றில் வாங்கிக் காற்றில் தருவது, ஒயரில் வாங்கிக் காற்றில் தருவது. முதல் வகைக்கு ரிப்பீட்டர் அல்லது எக்ஸ்டெண்டர் என்று பெயர். பிளக்கில் சொருகினால் போதும் என்பதால் கடைகளில் அதுவே அதிகம் விற்கிறது. ஆனால் ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கீழிருந்து ஒரு தகவலைக் கேட்டு வாங்கி, அதையே மறுபடி மேலே சொல்கிறது. ஒரே சேனலில் ஒரே தகவல் இரண்டு முறை காற்றில் போகிறது. ஆகவே நன்றாக வேலை செய்யும்போதே வேகம் பாதியாகும். தவிர, சிக்னல் ஏற்கெனவே நொந்துபோன இடத்தில்தான் பலர் ரிப்பீட்டரை மாட்டுகிறார்கள். அங்கே அது வாங்குவதே பலவீனமான சிக்னல். அதைத்தான் திருப்பியும் தரும். மெஷ் என்ற பெயரில் இரண்டு மூன்று பெட்டிகளாக விற்கும் விலை கூடிய செட்டுகளில் சில, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ வைத்திருக்கின்றன. இந்தப் பாதி இழப்பை அவை தவிர்க்கும். ஆனால் அந்தப் பேச்சும் கான்கிரீட் தளத்தைத் துளைத்துத்தான் ஆக வேண்டும்.

ஒயர் இழுக்கிற வீட்டில் இந்தக் கவலையே இல்லை. கேட் 6 லேன் ஒயர் 100 மீட்டர் வரை வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தை அப்படியே கொண்டுபோகும். ராயபுரம் வீட்டில் முன் ஹாலிலிருந்து இரண்டாம் மாடிக்கு, வளைவு நெளிவெல்லாம் சேர்த்து, 25 மீட்டரைத் தாண்டாது. தளத்தைத் துளைக்கவும் வேண்டாம். குளியலறைக் குழாய்கள் இறங்கும் சந்து, மாடிப்படியின் ஓரம், பழைய கேபிள் டிவி ஒயர் போன வழி, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் மட்டும் சேர்த்து விடாதீர்கள்.

கடற்காற்று தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். திருவொற்றியூர், கத்திவாக்கம் கடலோரத் தெருக்களில் மொட்டை மாடியில் கிடக்கும் லேன் ஒயரின் முனைக் கனெக்டரை உருவிப் பார்த்தால், எட்டுத் தாமிரக் கலவைப் பல்லில் ஒன்றிரண்டின் மேல் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும். தாமிரமும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வருவது அது. அதன் விளைவை அறிந்துகொள்ள ஒரு நல்ல அடையாளம் உண்டு. 100 மெகாபிட் இணைப்புக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். 1 கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த நான்கில் சேராத ஒரு பல் அரித்துப் போனால் இணைப்பு அறுந்து நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 300 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டுகிற வீட்டில், மாடியில் மட்டும் எப்போது அளந்தாலும் 90 சொச்சத்தில் நிற்கிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது கனெக்டர். வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும். முலாம் நல்லதாக உள்ள கனெக்டரும், வெளியில் போடுவதற்கென்றே செய்த கறுப்பு உறை ஒயரும் இந்தக் கடலோரத்தில் வீண் செலவு அல்ல. தாமிரப் பூச்சு மட்டும் பூசிய அலுமினிய ஒயர் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்க வேண்டாம். வளைத்தால் ஒடியும், உப்புக்கும் தாங்காது.

இனி அந்தப் பெட்டியை ரவுட்டர் வேலையிலிருந்து விடுவிக்கும் விஷயம். உலகில் பழைய முறை இன்டர்நெட் முகவரிகள் மொத்தம் 429 கோடிதான். எல்லாக் கருவிக்கும் அது போதாது என்பதால், வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் மட்டும் புழங்கிக்கொள்ளச் சில முகவரித் தொகுப்புகளை 1996-ல் முறைப்படி ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் அதில் ஒன்று. எண்ணூரில் ஒரு வீட்டு டிவிக்கும் ராயபுரத்தில் ஒரு வீட்டு டிவிக்கும் ஒரே எண் இருக்கலாம். இரண்டும் வாசலைத் தாண்டி வெளியே தெரிவதில்லை என்பதால் மோதல் இல்லை. வாசலில் நிற்கும் ரவுட்டர் உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றி அனுப்பி, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. வீட்டுக்குள் யாருக்கு எந்த எண் என்று பங்கிடும் வேலையை டி.ஹெச்.சி.பி. என்ற முறை செய்கிறது. போன் வைஃபையில் சேர்ந்ததும் ‘எனக்கு முகவரி யார் தருவது?’ என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். ரவுட்டர் ஓர் எண்ணைக் கொடுத்து, ‘வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ’ என்று சொல்லும்.

இப்போது இரண்டாவது ரவுட்டரை எடுத்து, ஒன்றின் லேன் போர்ட்டையும் மற்றொன்றின் லேன் போர்ட்டையும் சேர்த்துவிட்டீர்கள். போன் கேட்கும் கேள்வி இரண்டுக்கும் போகிறது, இரண்டுமே பதில் சொல்கின்றன. எது முந்திச் சொல்கிறதோ அதை போன் ஏற்கும். உண்மையான ரவுட்டர் முந்தினால் எல்லாம் ஓடும். இரண்டாவது முந்தினால், ‘என் வழியாகப் போ’ என்று அது சொன்னதை நம்பி போன் அங்கே போகும். ஆனால் அதன் வெளிவாசலில் ஒயரே இல்லை. வைஃபை உண்டு, இன்டர்நெட் இல்லை. ஆஃப் பண்ணிப் போட்டால் சில நேரம் சரியாவதும், மறுநாள் மறுபடி கெடுவதும் இதனால்தான். மறுமுறை கேட்கும்போது பதில் முந்தும் வரிசை மாறுகிறது. போதாததற்கு இரண்டு பெட்டிகளுமே கடையிலிருந்து வரும்போதே தங்களுக்கு 192.168.1.1 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

சிலர் முதல் ரவுட்டரின் லேனிலிருந்து இரண்டாவதன் வெளிவாசலான வேன் போர்ட்டுக்கு ஒயர் கொடுப்பார்கள். அப்போது இன்டர்நெட் வரும். ஆனால் வாசலுக்குள் இன்னொரு வாசல் முளைத்துவிடும். மாடி தனி வலையமைப்பு, கீழ்த்தளம் தனி வலையமைப்பு. கீழே உள்ள பிரிண்டர் மாடி லேப்டாப்பின் கண்ணில் தானாகப் படாது. போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப நினைத்தால் டிவி பட்டியலில் இருக்காது. கீழிருந்து மாடியில் உள்ள கேமராவைப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே எண் தொகுப்பில் இருந்தால் எதுவுமே ஓடாமலும் போகலாம்.

சரியான வழியில் வரிசை முக்கியம். இரண்டாவது பெட்டியை வீட்டு வலையில் சேர்ப்பதற்கு முன், தனியாக மின்சாரம் கொடுத்து, அதன் வைஃபையில் மட்டும் போனைச் சேர்த்து, அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அதில் அக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒரு தேர்வு இருந்தால் அதைத் தொட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய பெட்டிகளில் அது இருக்காது. அப்போது அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும் (முதல் ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்). டி.ஹெச்.சி.பி.-யை நிறுத்த வேண்டும். முதல் ரவுட்டர் பங்கிடும் எண்கள் .2-லிருந்து தொடங்கினால் அங்கே போய் .10-லிருந்து என்று மாற்றிவிட்டால் மோதல் வராது. பிறகு லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு ஒயர். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். பத்து நிமிட வேலை. பரணில் தூங்குகிற பெட்டிகளில் பெரும்பாலானவை இதற்குத் தகுதியானவைதான்.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒயர் ஒன்றுதான் இருக்க வேண்டும். ‘ரெண்டு ஒயர் போட்டா ஸ்பீடு கூடும்’ என்று யாராவது சொருகினாலும், தொங்கும் ஒயரின் இரண்டு முனைகளையும் குழந்தை ஒரே பெட்டியில் சொருகினாலும், வீடு முழுவதும் நெட் நின்றுவிடும். எல்லோருக்குமாகப் போகும் ஒரு செய்தி அந்த வளையத்தில் ஏறினால் இறங்கவே இறங்காது. ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. அது சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே போகும். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் வெறிபிடித்தது போல மின்னுவது இதன் அடையாளம். இப்படிப்பட்ட வளையங்களைத் தானே கண்டுபிடித்து ஒரு பக்கத்தை அடைத்து வைக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கக் கணினியாளர் 1985-ல் வகுத்தார். பெரிய அலுவலக ஸ்விட்சுகள் இன்றும் அதன் வழி வந்த முறைகளைத்தான் நம்பியிருக்கின்றன. மலிவு விலை வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது. ஆகவே கூடுதல் ஒயரை உருவுங்கள்.

ஒயர் உங்கள் வீட்டுக்குச் சொந்தம், காற்று தெருவுக்குச் சொந்தம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் இந்த நகரத்தில் ஒலிபரப்பத் தொடங்கியபோது கையில் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று. இன்று காசிமேட்டில் ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கின் படிக்கட்டில் நின்று போனைப் பார்த்தால், வைஃபை பெயர்கள் திரையைத் தாண்டி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் ஒரு டிரான்ஸ்மிட்டர். யாரும் உரிமம் வாங்கவில்லை, வாங்கவும் வேண்டாம். இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 2005-ல் உரிமத் தேவையிலிருந்து விடுவித்தது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதேபோல் திறந்துவிட்டது. சக்திக்கு உச்சவரம்பு உண்டு. அதற்குள் யாரும் பேசலாம்.

2.4-ல் சேனல்கள் 1 முதல் 13 வரை எண்ணிட்டிருந்தாலும் அவை தனித்தனி அறைகள் அல்ல. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வைஃபை எடுத்துக்கொள்வதோ 20. ஒன்றின் மேல் ஒன்று படாமல் நிற்க வழக்கமாக எடுத்துக்கொள்பவை 1, 6, 11. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டு, முடியும் வரை பொறுத்து, பிறகு பேசுவார்கள். ஹவாய்த் தீவுகளுக்கிடையே ரேடியோவில் கணினித் தகவல் அனுப்ப நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-ல் இயக்கிய அலோஹா வலையமைப்பிலிருந்து வளர்ந்த ஒழுங்கு இது. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்தில் ஒரே கூடையைச் சுற்றி நிற்பவர்கள் ஒருவர் விலை சொல்லும் வரை பொறுத்துத் தங்கள் விலையைச் சொல்வார்கள். பக்கத்துக் கூடையின் ஏலச் சத்தம் காதில் விழுந்தாலும் அதற்காக யாரும் காத்திருப்பதில்லை, அது நம் விலையைக் கேட்கவிடாமல் கெடுக்க மட்டும் செய்யும். சேனல் 6-க்குப் பக்கத்தில் 4-லோ 8-லோ உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். கூட்டம் குறைவு என்று நினைத்து இடைச் சேனலைத் தேர்ந்தெடுப்பவர் தனக்கும் கெடுதி செய்துகொண்டு, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கெடுதி செய்கிறார். எண்ணூர் முதல் ராயபுரம் வரை எல்லோரும் 1, 6, 11-ல் மட்டும் நின்றால், பைசா செலவில்லாமல் எல்லா வீட்டிலும் வேகம் கொஞ்சம் கூடும். உங்கள் கீழ்ப் பெட்டி 1-ல் இருந்தால் மாடிப் பெட்டி 6-லோ 11-லோ இருக்கட்டும். பட்டை அகலத்தை 20-லேயே விடுங்கள். 40 என்று மாற்றினால் தெருவின் பாதிக் காற்றை நீங்களே எடுத்துக்கொள்வீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய, நெரிசல் குறைவு. சுவரில் அதிகம் அடிபடும் அதன் குணம் இங்கே நன்மையாகிறது: பக்கத்து வீட்டு அலை உங்கள் வீட்டுக்குள் அதிகம் வருவதில்லை. மாடிக்கு ஒரு பெட்டி வைத்துவிட்டால் 5-தான் உங்கள் முதல் தேர்வாக இருக்க வேண்டும். அதன் நடுச் சேனல்கள் சிலவற்றை ராடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதால், பல ரவுட்டர்கள் அங்கே போனால் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். ராடார் கேட்டால் உடனே வேறு சேனலுக்கு நகரும். சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் மேல் 2002-ல் இயங்கத் தொடங்கிய வானிலைத் துறையின் டாப்ளர் ராடாரை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். அந்த ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 10 செ.மீ. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை அது தொடுவதில்லை, 2.4-க்கும் சற்று மேலே தன் தனி இடத்தில் இருக்கிறது.

கடைசியாக, மாடி ஏறும்போது போன் என்ன செய்கிறது என்பது. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை கொடுத்தால் போன் அவற்றை ஒரே வலையமைப்பாக எடுத்துக்கொள்ளும். எந்தப் பெட்டியோடு பேசுவது, எப்போது விட்டுவிட்டு மற்றொன்றுக்கு மாறுவது என்ற முடிவை எடுப்பது போன். பழைய சிக்னல் மிகவும் இறங்கும் வரை சில போன்கள் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு மருந்து, கீழ்ப் பெட்டியின் 2.4 சக்தியைக் குறைப்பது. கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும், ஆனால் பலன் உண்டு: கீழ் சிக்னல் மாடியில் சீக்கிரம் மங்கினால் போன் சீக்கிரம் மாறும். மெஷ் செட்டுகள் போனுக்கு ‘அங்கே நல்ல சிக்னல் இருக்கிறது, போ’ என்று யோசனை சொல்லும். வாட்ஸ்அப் அழைப்பின் நடுவே மாறினாலும் துண்டிப்பு தெரியாத அளவுக்கு வேகமாகக் கைமாற்றும் முறைகளும் அவற்றில் உண்டு. ஒயர் இழுத்த வீட்டுக்கு அவை இல்லாமலும் நடக்கும். மேல் போர்ஷனில் குடியிருப்பவரோடு இணைப்பைப் பகிர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே வலையில் இருந்தால் உங்கள் கேமராவும் பிரிண்டரும் அவருக்குத் தெரியும், அவருடையது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நிலையில் மட்டும் அவர் பக்கத்துப் பெட்டியை, வேறு எண் தொகுப்போடு, வேன் போர்ட் வழியாகத் தனி ரவுட்டராகவே விட்டுவைப்பது சரி. அவர் கருவிகள் உங்கள் கண்ணிலிருந்து மறையும். உங்களுடையவை அவரிடமிருந்து முழுதாக மறைய வேண்டுமானால் முதல் ரவுட்டர் அவருடையதாகவோ, கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரிக்கத் தெரிந்ததாகவோ இருக்க வேண்டும்.

முதல் பெட்டியை எந்தத் தளத்தில் வைப்பது என்பதற்கு இந்தப் பகுதிக்கென்று ஒரு பதில் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கத்தில் கீழ்த்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் அதோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. ஃபைபர் ஒயருக்குத் தண்ணீரால் உடனே ஒன்றும் ஆகாது, அதில் ஓடுவது வெளிச்சம். தண்ணீர் புகுந்தால் போவது சுவரின் அடியில் பிளக்கில் சொருகிய அடாப்டரும் தரையோரம் வைத்த பெட்டியும்தான். ஆகவே ஃபைபர் வந்து முடியும் பெட்டியையும் முதல் ரவுட்டரையும் முதல் மாடியில் வையுங்கள். மூன்று தள வீட்டில் அது நடுத்தளமும் ஆகிறது. மேலும் கீழும் ஒயரின் நீளம் குறையும். இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்து 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். ஒன்று கொடுத்தால், தெருவில் கரண்ட் போன பிறகும் சில மணி நேரம் போன் பேசவும் மழைச் செய்தி பார்க்கவும் முடியும். இணைப்பு கொடுக்க நெட்காரர் வரும் அன்றே, “அண்ணா, மாடியில போடுங்க, ஒரு பத்து மீட்டர் ஒயர் எக்ஸ்ட்ரா சுத்தி விட்டுட்டுப் போங்க” என்று கேட்டால் செய்து தருவார்கள். ஆணி அடித்த பிறகு கேட்டால் அதற்கு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டிவரும்.